அரசினர் பள்ளிகளிற் கணினிக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இவ்வாண்டு நம் சங்கத்தின் கல்வி நிதியை எவ்வாறு செலவிடுதல் தக்கது என்பதைப்பற்றிச் சென்ற இரண்டு கூட்டங்களிலும் பேச்சு நிகழ்ந்தது. நம் வட்டத்திலுள்ள அரசினர் பள்ளிகளுக்குப் புதிய கணினிகள் வாங்கித் தந்து, சங்கத்தின் பெயரைக் கல்லிற் பொறித்து வைக்கலாம் என்பது பலருடைய விருப்பம். அவ்விருப்பம் நல்லெண்ணத்தினின்றும் பிறந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், கணினிக் கல்வியைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தமையால், அவ்விருப்பத்தோடு ஒருவாறு மாறுபட்ட கருத்தை அவையின்கண் வைக்கப் பெரியோர் இசைவளித்தல் வேண்டும். யாம் கூற வந்தது இதுவே: கருவியை வாங்குமுன் கற்பிப்போரை ஆக்குதல் வேண்டும். நம் நிதியின் பெரும்பகுதி ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லுதல் வேண்டும்.

முதற்கண் கணினிக் கல்வி என்பது யாது என்று தெளிதல் நலம். விசைப்பலகையில் எழுத்தடித்தலும், படம் ஒட்டுதலும், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புதலும் கணினியைக் கையாளும் பழக்கமேயன்றிக் கணினி அறிவியல் ஆகா. ஒரு சிக்கலைச் சிறு சிறு பகுதிகளாகப் பகுத்தல், அப்பகுதிகளை முறைப்பட நிறுத்துதல், இன்ன நிலை நேரின் இன்னது செய்க என்று ஐயத்திற்கு இடமின்றி விதித்தல், விதித்தது பிழைபடின் பிழை எவ்விடத்தது என்று தேடித் திருத்துதல் ஆகிய இவையே அவ்வறிவியலின் உயிர். முன்னையது சில வாரங்களிற் கைவந்துவிடும். கருவி மாறினால் அப்பழக்கமும் மாறிப்போகும். பின்னையது கருவி மாறினும் மாறாது. அதனைக் கற்பிக்கக் கற்றறிந்த ஆசிரியர் வேண்டும்.

நம் நாட்டில் இம்முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1984-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசினர் பள்ளிகளிற் கணினியறிவு பரப்பும் திட்டமொன்றைத் தொடங்கி, இங்கிலாந்திலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணினிகளைத் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வழங்கினர். தமிழ்நாட்டில் மேனிலை வகுப்புகளிற் கணினி அறிவியல் ஒரு விருப்பப் பாடமாக நிலைபெற்றது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்குந் திட்டம் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில், பதினோராம் வகுப்பினர் சி பிளஸ் பிளஸ் என்னும் நிரல்மொழியையும், பன்னிரண்டாம் வகுப்பினர் பைத்தான் என்னும் நிரல்மொழியையும் தமிழ்வழியிலேயே கற்கும் வாய்ப்பு ஏற்பட்டது. 2019-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 6,029 அரசினர் உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பெற்றன. 2023-24-ஆம் ஆண்டுக்குரிய அரசினர் கணக்கின்படி இந்தியப் பள்ளிகளில் நூற்றுக்கு 57 பள்ளிகளிலேயே இயங்கும் கணினி இருந்தது என்பதை நோக்குமிடத்து, நம் மாநிலம் கருவிகள் பொருட்டுச் செய்த செலவு சிறிதன்று என்பது புலனாம்.

அற்றேல், குறை யாண்டுளது? கற்பிப்போர் பக்கத்தில் உளது. 1999-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கணினி பயிற்றுநர் பலர் குறைந்த தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்றனர். பின்னர் 2008-இல் நடந்த சிறப்புத் தேர்வும், அதன்மேல் எழுந்த வழக்குகளும், சிலர் பணியிழந்தமையும் பல ஆண்டுகள் நீண்டன. 2019-ஆம் ஆண்டிலேயே 814 கணினி பயிற்றுநர் இடங்களுக்கு முதுகலைப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் இணையவழித் தேர்வு நிகழ்ந்தது. இவர்களும் மேனிலை வகுப்புகளுக்கே உரியவர். ஆறாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரையில், 2018-ஐ ஒட்டிய புதிய பாடநூல்களிற் கணினியைப்பற்றிய பாடம் அறிவியல் நூலின் ஒரு பகுதியாகவே அமைந்தது. அதனை நடத்தும் பொறுப்பு அறிவியல் ஆசிரியரைச் சார்ந்தது. அவரோ இயற்பியலோ வேதியியலோ உயிரியலோ பயின்றவர். கணினி அறிவியலைத் தம் பாடமாகக்கொண்டு பி.எட். பட்டம் பெற்றோர் ஆயிரக்கணக்கானோர் இருந்தும், அவ்வகுப்புகளில் அவர்க்குரிய பணியிடம் இல்லை என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் முறையீடு. இதன் பயன் என்னை? யாம் கண்ட பள்ளிகள் சிலவற்றில் ஆய்வகம் பூட்டியிருக்கின்றது. திறந்திருப்பின் பதிவேட்டு விவரங்களை ஏற்றுதற்கும் இணையவழித் தேர்வு நடத்துதற்கும் பயன்படுகின்றது. மாணவன் தானே ஒரு நிரல் எழுதிப் பார்க்கும் நாள் ஆண்டில் மிகச் சிலவே. இதற்கு அப்பள்ளியின் ஆசிரியரைக் குறை கூறுதல் முறையன்று. கற்பியாததைக் கற்பிக்குமாறு அவரை நிறுத்தியமையே குறை.

கருவி முந்தி ஆசிரியர் பிந்திய இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. செல்வமும் அறிவும் மிக்க இங்கிலாந்து நாடும் இதிற் பட்டறிந்தது. 1981-ஆம் ஆண்டில் முற்கூறிய பி.பி.சி. மைக்ரோ வெளிவந்து, அந்நாட்டுப் பள்ளிகளிற் பரவியது. ஆயினும், நாளடைவிற் கணினிப் பாடம் அலுவலக மென்பொருளைக் கையாளும் பழக்கமாகச் சுருங்கிவிட்டது. 2012-ஆம் ஆண்டு சனவரியில் இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகம் இக்குறையை விரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதனையொட்டி 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஐந்து வயதுக் குழந்தை தொடங்கி எல்லோர்க்கும் கணினி அறிவியல் கற்பிக்கும் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. உலகம் வியந்து பாராட்டிய மாறுதல் அஃது. ஆனால், பாடத்திட்டத்தை மாற்றிய விரைவில் ஆசிரியரை ஆக்க இயலவில்லை. அதே கழகம் 2017-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, இங்கிலாந்துப் பள்ளிகளில் நூற்றுக்கு 54, பதினாறு வயதினர் எழுதும் பொதுத்தேர்வில் கணினி அறிவியலை ஒரு பாடமாக வைக்கவே இல்லை என்று கண்டது. 2012 முதல் 2017 வரையில் கணினி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்க்கக் கருதிய தொகையில் நூற்றுக்கு 68 பங்கினரே சேர்ந்தனர். அத்தேர்வை எழுதிய மாணவரில் ஐந்தில் ஒருவரே பெண்கள். இதன் பின்னரே அந்நாட்டு அரசினர் 8 கோடியே 40 இலட்சம் பவுன் ஒதுக்கி, 2018-இல் ஆசிரியர் பயிற்சிக்கென்று தேசிய நடுவம் ஒன்றை நிறுவினர். முதலிற் செய்யத்தக்கதை நான்கு ஆண்டுகள் கழித்துச் செய்தனர் என்பதே இதிலிருந்து நாம் அறியக் கிடப்பது.

இனி, அண்டை நாடாகிய கேரளத்தை நோக்குவோம். அங்கு 2001-ஆம் ஆண்டில் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் தொடங்கியது. அவர்கள் கணினிப் பட்டதாரிகள் வந்து சேரட்டும் என்று காத்திராமல், முன்னரே பள்ளியிற் பணிசெய்து வந்த கணித, அறிவியல், மொழி ஆசிரியர்களையே பயிற்றினர். அப்பயிற்சியை அளித்த முதன்மைப் பயிற்றுநரும் பள்ளி ஆசிரியரே; வகுப்பறையின் இயல்பு அறிந்தவர்; பிற ஆசிரியரோடு தோழமையாற் பேச வல்லவர். உரிமத்தொகை வேண்டாத கட்டற்ற மென்பொருளை மேற்கொண்டமையால் மிஞ்சிய பொருளும் பயன்பட்டது. அத்திட்டம் 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018-இல் 45,000 வகுப்பறைகள் கணினி வசதி பெற்றன. ஆசிரியர் முன்னரே அணியமாக இருந்தமையால், பின்னர் வந்த கருவிகள் உரிய கையிற் சேர்ந்தன. இவ்வரிசையை நாம் உளங்கொள்ளுதல் வேண்டும்.

பயிற்சி என்று சொல்லுமிடத்து எத்தகைய பயிற்சி என்பதும் வினாவாகின்றது. இரண்டு நாட் கூட்டங்கூட்டி, திரையிற் படங்காட்டி, சான்றிதழ் தந்து அனுப்புதல் பயிற்சியாகாது. நம் நன்னூலுடையார் ஆசிரியராகார் இலக்கணம் கூறுமிடத்து நான்கு உவமைகள் காட்டியிருத்தலை இலக்கணம் கற்றோர் அறிவர். அவற்றுள் ஒன்று கழற்குடம். கழற்காய்களை ஒவ்வொன்றாக இட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவாரா, தாறுமாறாகக் கொட்டும். மற்றொன்று பருத்திக்குண்டிகை. வாய் குறுகிய குடுக்கையில் அடைத்த பஞ்சு சிறிது சிறிதாக வருந்தியே வெளிவரும். குறுகிய காலத்திற் கட்டளைச் சொற்களை மனப்பாடஞ் செய்து மீண்ட ஆசிரியர் கழற்குடமாகவே வகுப்பில் நிற்பார். அல்லது ஐயம் வினவும் மாணவனுக்கு அஞ்சிப் பருத்திக்குண்டிகையாய்விடுவார். அஃது அவர் குற்றமன்று. அடைத்த முறையின் குற்றம். ஓராண்டு முழுதும் சிறிது சிறிதாகக் கற்று, கற்றதை மறுவாரமே வகுப்பில் நடத்திப் பார்த்து, நேர்ந்த இடர்களை மீண்டும் தோழரோடு கூடி ஆராயும் பயிற்சியே பயன்தரும்.

"எம்போன்ற பிறபாட ஆசிரியர்க்கு இஃது இயலுமோ?" என்று ஐயுறுவார்க்கு எம் பாடத்தினின்றே ஒரு சான்று காட்டுவோம். நிலைமொழியின் இறுதியில் உயிரும், வருமொழியின் முதலில் உயிரும் நின்றால் இடையே உடம்படுமெய் தோன்றும். நிலைமொழி இ, ஈ, ஐ என்பவற்றில் முடிந்தால் யகரம் வரும். ஏகாரத்தில் முடிந்தால் யகரம் வகரம் இரண்டும் வரும். ஏனை உயிரானால் வகரம் வரும். பனை என்பதும் ஓலை என்பதும் பனையோலை ஆகும். பலா என்பதும் இலை என்பதும் பலாவிலை ஆகும். இவ்விதியை எட்டாம் வகுப்பு மாணவனிடம் தந்து, "இலக்கணம் அறியாத ஒருவன் உன் கட்டளையை மட்டுமே கேட்டுச் சொற்களைப் புணர்த்துமாறு படிப்படியாக எழுதுக" என்று சொல்லிப் பாருங்கள். அவன் முதலில் வருமொழி முதல் உயிரோ என்று வினவுவான். பின்னர் நிலைமொழி ஈற்றை வினவுவான். ஒவ்வொன்றற்கும் விடை விதிப்பான். அவ்வாறு எழுதியது நிரலேயன்றி வேறென்னை?

இனி, அவனிடம் "காடு, எல்லாம்" என்னும் இரு சொற்களைத் தருக. அவன் விதிப்படி "காடுவெல்லாம்" என்று வரும். வகுப்பு நகைக்கும். காடெல்லாம் என்பதன்றோ வழக்கு? "பசு, எல்லாம்" என்று தந்தாலோ பசுவெல்லாம் என்று சரியாகவே வருகின்றது. ஒரே உகரம் ஓரிடத்திற் கெட்டு, ஓரிடத்தில் நிற்பது ஏன் என்று மாணவர் ஆராயத் தொடங்குவர். காடு என்பதன் ஈறு குற்றியலுகரம். பசு என்பதன் ஈறு தனிக்குறிலை அடுத்து வந்த முற்றியலுகரம். ஆகவே, உடம்படுமெய் விதிக்குச் செல்லுமுன், "ஈறு குற்றியலுகரமோ? ஆயின் உகரத்தை நீக்குக" என்று புதியதொரு படியை முன்னே சேர்த்தல் வேண்டும் என்று கண்டுகொள்வர். அப்படியைப் பின்னே சேர்த்தாற் பயனில்லை என்பதையும் செய்துபார்த்தே அறிவர். விதியின் வரிசையும், விலக்கும், பிழைதேடித் திருத்தலும் இவ்வொரு பாடத்தில் அடங்கிவிடுகின்றன. இதற்கு மின்சாரமும் வேண்டா. கரும்பலகை ஒன்றே போதும். பின்னர் ஆய்வகத்தில் அதனையே பைத்தான் மொழியில் எழுதுவிப்பதற்குக் கணினி பயிற்றுநர் துணை நிற்பார். தமிழாசிரியர்க்கு இலக்கணப் பாடம் சுவையாகும். மாணவனுக்குக் கணினி அச்சம் நீங்கும்.

கருவியின்றியும் கணினி அறிவியலின் அடிப்படையைக் கற்பிக்கலாம் என்பதை நியூசிலாந்து நாட்டின் கான்டர்பரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டிம் பெல் முதலியோர் பல ஆண்டுகளாகச் செய்து காட்டி வருகின்றனர். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு எனப் புள்ளியிட்ட ஐந்து அட்டைகளை ஐந்து குழந்தைகளிடம் தந்து நிறுத்துவர். அட்டையைத் திருப்பியும் மறைத்தும் 0 முதல் 31 வரையுள்ள எந்த எண்ணையும் அக்குழந்தைகள் காட்டிவிடுவர். கணினி இரண்டே குறிகளால் எல்லா எண்களையும் எழுதுமாறு எங்ஙனம் என்பது தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கும் விளங்கிவிடும். ஐந்து அட்டைக்கு ஆகும் செலவு யாது? ஆனால், அவ்விளையாட்டை நடத்தி, அதன் உட்பொருளை வினாக்களால் வெளிக்கொணரும் ஆசிரியர் வேண்டும்.

இங்கே ஒருசாரார், "2022-ஆம் ஆண்டின் இறுதி முதற் செயற்கை நுண்ணறிவு வினாவுக்கு விடை சொல்கின்றது, நிரலும் எழுதித் தருகின்றது, இனி மாணவர் இதனைக் கற்பானேன்?" என்று வினவுகின்றனர். விடை கிடைப்பது எளிதாயிற்று என்பது மெய்யே. கிடைத்த விடை சரியா தவறா என்று ஆராயும் வேலை அதனாற் கூடிற்றேயன்றிக் குறையவில்லை. காடுவெல்லாம் என்று பொறி எழுதித் தந்தால் அது பிழையென்று அறிய ஒருவன் உள்ளே சிறிதேனும் கற்றிருத்தல் வேண்டாவோ? கல்லாதவன் பொறிக்கு அடிமையாவான். கற்றவனே அதனை ஏவலாளாகக் கொள்வான்.

மற்றொரு தடையும் உண்டு. "நம் குலத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளிற் பயில்கின்றனர், அரசினர் பள்ளிக்கு நாம் செலவிடுவது எற்றுக்கு?" என்பது அது. வளமுடைய குடும்பத்துப் பிள்ளைகள் அங்ஙனம் பயில்கின்றனர் என்பது உண்மை. ஆனால், நம்முள்ளேயே கூலிவேலை செய்வார், சிறுகடை வைத்திருப்பார், கணவனை இழந்த தாய்மார் ஆகியோருடைய பிள்ளைகள் எங்கே பயில்கின்றனர்? அவர்கள் வீட்டிற் கணினி இல்லை. பள்ளியிற் கிடையாதது அவர்க்கு வேறெங்கும் கிடையாது. அவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் பிறகுலத்துப் பிள்ளைகளின் நிலையும் அதுவே. அரசினர் பள்ளி எல்லோர்க்கும் பொது. ஆதலின், நாம் செய்யும் உதவியிற் குலவேறுபாடு சிறிதும் காட்டலாகாது. பயிற்சிக்கு வரும் ஆசிரியரும், பயன்பெறும் மாணவரும் எக்குலத்தவராயினும் ஒக்கும் என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். நம் சங்கத்துக்கு அதனினும் சிறந்த புகழ் இல்லை.

பெண்மக்களைப்பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்துக் கணக்கை மேலே கண்டோம். ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூவர் அமருமிடத்து விசைப்பலகை ஆண்பிள்ளையின் கையிலும், குறிப்பேடு பெண்பிள்ளையின் கையிலும் இருத்தலை யாம் பலமுறை கண்டிருக்கின்றோம். இதனைத் தடுக்கும் சட்டம் இல்லை. கண்ணுள்ள ஆசிரியர் ஒருவரே தடுக்க வல்லார். பயிற்சி பெறுவோரிற் பாதியேனும் ஆசிரியைகளாக இருப்பின் அப்பழக்கம் தானே மாறும்.

இனி, சங்கத்தார் ஆராய்தற்கு எம் வேண்டுகோளை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, நம் வட்டத்து அரசினர் பள்ளிகளினின்றும் இருபது ஆசிரியரைத் தேர்ந்து, மே விடுமுறையிற் பத்து நாளும், அதன்பின் ஓராண்டு முழுதும் திங்களுக்கொரு சனிக்கிழமையும் பயிற்சி அளித்தல் வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரின் இசைவும், பள்ளி மேலாண்மைக் குழுக்களின் ஒத்துழைப்பும் முன்னரே பெறுதல் வேண்டும்.

இரண்டாவது, சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களிற் பணிசெய்யும் நம் இளைஞர், பணங் கொடுப்பதோடு நில்லாமல் தம் அறிவையும் கொடுத்தல் வேண்டும். ஆனால், அவர்கள் தனியே வந்து பாடம் நடத்துதல் போதாது. மேனிலைப் பள்ளியின் கணினி பயிற்றுநரோடு கூடியிருந்தே நடத்துதல் வேண்டும். தொழில் அறிந்தவர் எல்லோரும் கற்பிக்க அறிந்தவர் ஆகார்.

மூன்றாவது, பயிற்சி தமிழிலேயே நடைபெறுதல் வேண்டும். நிரல்மொழியின் சொற்கள் ஆங்கிலமாயினும் சிந்தனை தாய்மொழியிலேயே ஓடும். எழில் என்று தமிழ்ச் சொற்களாலேயே இயங்கும் நிரல்மொழி ஒன்றும் இருக்கின்றது. தொடக்க வகுப்புகளில் அதனைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

நான்காவது, எஞ்சிய பொருளிற் புதிய கணினி வாங்குமுன், பள்ளிகளிற் பழுதுற்றுக் கிடப்பனவற்றைச் சீர்செய்தற்கு ஒரு பகுதி ஒதுக்குதல் வேண்டும். அதன்பின்னும் கருவி வேண்டுமாயின், அரசினர் பள்ளிகளுக்கு உதவுதற்கென்று 2022 டிசம்பரில் அரசினர் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டத்தின் வழியாக வழங்கலாம்.

ஐந்தாவது, ஆண்டிறுதியில் எத்தனை ஆசிரியர் சான்றிதழ் பெற்றனர் என்று எண்ணுதலை விடுத்து, எத்தனை மாணவர் தாமே ஒரு சிறு நிரலை எழுதிப் பிறர்க்கு விளக்கினர் என்று எண்ணுதல் வேண்டும். அம்மாணவரை நம் அடுத்த ஆண்டு விழாவிற்கு அழைத்து, இவ்வவையிலேயே விளக்கச் செய்வோம்.

அன்பர்களே! கல்லிற் பெயர் பொறித்தல் கூடாது என்பது எம் கருத்தன்று. கணினியின் வாழ்நாள் சில ஆண்டுகளே. அதன்பின் அக்கல் பழுதுற்ற பொறிகளின்மேல் நிற்கும். பயின்ற ஆசிரியர் ஒருவரோ இருபது ஆண்டு பணிசெய்வார். ஆண்டுக்கு நூறு மாணவர் என்று கொள்ளினும் இரண்டாயிரவரைத் தொடுவார். இருபது ஆசிரியர் தொடும் தொகையைப் பெரியோரே கணக்கிட்டுக்கொள்க. அரசினர் செய்யவேண்டிய கடமை இதனால் நீங்கிவிடாது. ஆறாம் வகுப்பு முதற் கணினிக்கெனத் தனி ஆசிரியர் வேண்டும் என்னும் கோரிக்கையையும் நம் சங்கம் தீர்மானமாக இயற்றி அனுப்புதல் வேண்டும். அது நிறைவேறும் வரையில் நம் வட்டத்துப் பிள்ளைகளின் ஆண்டுகள் வீணே கழியாமற் காப்பது நம் கையில் உளது.

செயற்குழுவினர் இவ்வேண்டுகோளை வரும் கூட்டத்தில் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வணக்கத்துடன் கேட்டுக்கொள்கின்றோம்.  வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!